கணக்குச் சேர் விழுந்த பிறகுதான் மற்றவர்கள் பேசினார்கள்: வன்னியில் ஒரு ரோல்பிளே குழு – நிகழ்வு ஆய்வு

மாங்குளம்–முல்லைத்தீவு வீதியை ஒட்டிய ஒரு கிராமத்தில், சனசமூக நிலையத்து வாசிகசாலையில் சில ஞாயிற்றுக்கிழமைகளாக நடந்த ரோல்பிளே விளையாட்டைப் பற்றிய பதிவு இது. ஆட்களின் பெயரும் ஊரின் பெயரும் வேண்டுமென்றே விடப்பட்டிருக்கின்றன. கேம் மாஸ்டர் நான். வயதிலும் மரியாதையிலும் பெரிய இடைவெளி உள்ள ஒரு சின்னக் குழுவில் இந்த விளையாட்டை நடத்தினால் எங்கே முட்டுகிறது, அதற்கு நாங்கள் என்ன செய்தோம் என்பதை மற்றக் குழுக்களுக்காக எழுதிவைக்கிறேன்.

பின்னணி

விளையாட்டைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: மேசையைச் சுற்றி இருந்து ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொள்வார்கள், கேம் மாஸ்டர் சூழ்நிலையைச் சொல்லுவார், "நீங்கள் என்ன செய்யிறீங்கள்?" என்று கேட்பார். அவர்கள் சொன்னது நடக்குமா என்று சந்தேகமாக இருந்தால் 20 முகப் பகடையை உருட்ட வேண்டும், பாத்திரத்தின் திறமைக்குரிய எண்ணை அதோடு கூட்ட வேண்டும், கேம் மாஸ்டர் வைத்த இலக்கைத் தொட்டால் வெற்றி. இலகுவான வேலைக்கு இலக்கு 10, நடுத்தரத்துக்கு 15, கடினமானதற்கு 20. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்ன்சனும் 1974இல் வெளியிட்ட டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸில் இருந்து வந்த மரபு இது. நாங்கள் எடுத்தது அதன் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளை. அந்த விதி ஆவணம் 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விடப்பட்டதால், மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு தமிழில் சுருக்கி அச்சடிக்க யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை.

குழுவில் 5 பேர். நாற்பதை நெருங்கும் ஒரு கணித ஆசிரியர், ஊரில் ரியூசன் நடத்துபவர், எல்லாருக்கும் அவர் 'சேர்'. அவரிடம் படித்த உயர்தர மாணவர்கள் இருவர், ஒரு தம்பி, ஒரு தங்கச்சி. கராஜில் வேலை செய்யும் ஒரு இளைஞர். ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் ஒரு அக்கா, அவர் அந்தத் தங்கச்சிக்குப் பெரியம்மாவின் மகள், அக்காவோடு வந்தால்தான் தங்கச்சியை வீட்டில் விடுவார்கள். இதனால் அக்காவுக்கு ஓவர்ரைம் விழுந்தால் மேசையில் ஒரே நேரத்தில் இரண்டு கதிரை காலி. ஒவ்வொரு அமர்வும் கதையில் ஊருக்குத் திரும்புவதோடு முடிய வேண்டும், வராதவர்கள் ஊரிலேயே நின்றுவிட்டதாக வைத்துக்கொள்ளலாம் என்று அப்போதே தீர்மானித்தோம்.

நேரமும் கட்டுப்பாடுதான். வேறு இடங்களில் இரவிரவாக விளையாடுவார்கள். இங்கே பொழுதுபட்டால் யானை வீதிக்கு இறங்கிவிடும், சைக்கிளில் வந்தவர்கள் வெளிச்சத்தோடு வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தொடங்கி ஐந்து மணிக்குப் பேணியை மூடிவிடுவோம்.

பேணி என்றது பகடையைத்தான். 20 முகப் பகடை இந்தப் பக்கத்துக் கடைகளில் இல்லை. போனில் உருட்டலாம், ஆனால் ஒருவர் தன் கையில் இருக்கிற திரையைப் பார்த்து எண்ணைச் சொல்லும்போது மற்றவர்களுக்குப் பார்க்க ஒன்றுமில்லை, அடுத்த நிமிடம் அவர் வாட்ஸ்அப்பில் இருப்பார். அதனால் 20 புளியங்கொட்டைகளைக் கழுவிக் காயவைத்து, வெள்ளைத் திருத்து பேனையால் 1 முதல் 20 வரை எழுதி, பால்மாப் பேணிக்குள் போட்டோம். பார்க்காமல் ஒன்று எடு, காட்டு, திரும்பப் போட்டுக் குலுக்கு. திரும்பப் போடுவது முக்கியம், போடாவிட்டால் சின்ன எண்கள் போகப் போக மிச்சம் இருப்பது பெரிய எண்கள்தான் என்று கணக்குப் பார்த்து ஆடத் தொடங்கிவிடுவார்கள் (சேர் முதல் பத்து நிமிடத்துக்குள் இதைக் கவனித்துவிட்டார், கணக்கு வாத்தியார் அல்லவா). அடி எவ்வளவு பட்டது என்பதற்கு மட்டும் லூடோப் பெட்டியில் இருந்த 6 முகக் கட்டை.

தொடங்குவதற்கு முன்

கதையில் எது வேண்டாம் என்று முன்கூட்டியே கேட்பது இந்த விளையாட்டில் வழக்கம். ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் உருவாக்கிய எக்ஸ் அட்டையைப் பலர் பயன்படுத்துகிறார்கள்: மேசை நடுவே எக்ஸ் எழுதிய அட்டை ஒன்று கிடக்கும், பிடிக்காதது வந்தால் தொடலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. நாங்களும் ஒன்றை வெட்டி வைத்தோம். கடைசிவரை ஒருவரும் அதைத் தொடவில்லை. சேருக்கு முன்னால் கை நீட்டி அதைத் தொடுவதும் ஒரு வகையில் பேசுவதுதான், எல்லாரும் பார்ப்பார்கள்.

பயன்பட்டது துண்டுத்தாள். கொப்பி ஒற்றையைக் கிழித்து ஆளுக்கொரு துண்டு கொடுத்து, வேண்டாததை எழுதி மடித்துத் தரச் சொன்னேன், நான் மட்டும்தான் படிப்பேன் என்றும் சொன்னேன். ஏனென்றால் தன்னிடம் படித்த பிள்ளைகளின் கையெழுத்து சேருக்கு மனப்பாடம்.

இரண்டு துண்டுகள் கதையையே மாற்றின. ஒன்றில் 'நிலத்தில புதைச்ச பொறி வேண்டாம்' என்று இருந்தது. குகைக்குள் கால் வைத்ததும் இயங்கும் பொறி இந்த வகைக் கதைகளில் சாதாரணம், யாரும் இரண்டாம் முறை யோசிக்காமல் வைப்பார்கள். மிதிவெடிப் பலகையைப் பார்த்துப் பார்த்துப் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு அது விளையாட்டாக இராது. இரண்டாவது துண்டில் 'காணாமப் போன ஆளைத் தேடுற கதை வேண்டாம்' என்று இருந்தது. நான் தயார் செய்து வைத்திருந்ததே அந்தக் கதைதான், காட்டுக்குள் போன ஒரு பையன் திரும்பவில்லை, ஊர் உங்களை அனுப்புகிறது என்று தொடங்கும். ஆயத்தக் கதைகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் தொடங்குவதாக எனக்குத் தோன்றும். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் நீதி கேட்டுத் தெருவில் போராட்டம் இருக்கத் தொடங்கிய ஊர்ப்பக்கம் இது. துண்டை எழுதியது யார் என்று நான் யோசிக்கவும் இல்லை, தேடவும் இல்லை. கதையை எறிந்துவிட்டு வேறொன்று எழுதினேன்.

புதுக் கதை தண்ணீரைப் பற்றியது. கற்பனை ஊர், கற்பனைக் குளம். சிறுபோக விதைப்புக்குத் திறந்த துருசில் (குளத்து மதகு) தண்ணீர் வரவில்லை, வாய்க்கால் காய்ந்து கிடக்கிறது, கமக்காரர் ஒருவரை ஒருவர் சந்தேகப்படுகிறார்கள். உண்மையில், துருசுக்குக் கீழே குறளிக் கூட்டம் ஒன்று குடியேறிக் கதவை இறக்கி அடைத்துவிட்டது. ஆங்கில விதியில் கொப்ளின் என்று வருகிற சின்னப் பேய்களுக்குக் குறளி பொருத்தமாக இருந்தது, அது என்ன செய்யும் என்று அம்மம்மா சொல்லி எல்லாருக்கும் தெரியும். வட்ட விதானையார் (குளத்துத் தண்ணீர்ப் பங்கீட்டைப் பார்ப்பவர்) வந்து ஆள் தேடுகிறார் என்று கதை தொடங்கியதும் விளக்கம் கேட்க ஒருவரும் இல்லை.

முதல் அமர்வில் பார்த்தது

சேர் போர்வீரனை எடுத்தார். அக்கா வைத்தியம் தெரிந்த பூசாரிப் பெண், தம்பி மந்திரவாதி, தங்கச்சி காட்டுப்பாதை தெரிந்த ஒற்றர், கராஜ் இளைஞர் இன்னொரு போர்வீரன்.

நான் யாரைப் பார்த்து "என்ன செய்யிறீங்கள்?" என்று கேட்டாலும் அவர் சேரைப் பார்ப்பார். தம்பியிடம் கேட்டால், "சேர், என்ன செய்வம்?" அக்காவிடம் கேட்டால், "சேர் சொல்லட்டும்." சேர் கெட்டவரில்லை, அதட்டுபவருமில்லை. ஒவ்வொரு தடவையும் "நீங்கள் சொல்லுங்கோ பிள்ளையள்" என்றுதான் தொடங்குவார். ஒருவரும் சொல்லமாட்டார்கள், அவர் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தானே சொல்லிவிடுவார், எல்லாரும் தலையாட்டுவார்கள். ஒரு மணித்தியாலம் இப்படிப் போனது. வெளியில் இருந்து பார்த்தால் 5 பாத்திரங்களை ஒரே ஆள் ஆட, மற்ற 4 பேர் கொட்டை எடுத்துக் கொடுக்கிற மாதிரி.

குளக்கட்டில் சண்டை வந்தது. சண்டைக்குள் முறை உண்டு, ஒவ்வொருவரும் எண் எடுத்து, கூடியவரில் இருந்து வரிசையாக ஆட வேண்டும். அங்கேயும் தங்கள் முறை வந்ததும் சேரைப் பார்த்தார்கள். அவருடைய வீரன் எல்லாருக்கும் முன்னால் போய் நின்றான், குறளிகள் சூழ்ந்துகொண்டன, அடி படப் படக் குறையும் அவனுடைய 12 உயிர்ப்புள்ளியும் போய் 0.

ஐந்தாம் பதிப்பு விதிப்படி 0க்கு வந்தவர் மயங்கி விழுகிறார். தன் முறை வரும்போதெல்லாம் ஒரு எண் எடுப்பார், 10 அல்லது அதற்கு மேல் வந்தால் ஒரு வெற்றி, குறைந்தால் ஒரு தோல்வி, 3 தோல்வி சேர்ந்தால் சாவு. சேர் எடுத்தது 7. எடுத்துவிட்டு, "கராஜ் தம்பி, இடப்பக்கத்தால..." என்று தொடங்கினார். "சேர், உங்கட ஆள் மயங்கிக் கிடக்கிறார்" என்றேன். சிரித்துவிட்டு உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

மேசை அடங்கிப்போனது. மேலே மின்விசிறிச் சத்தம் மட்டும். கொஞ்ச நேரம் கழித்துத் தங்கச்சி, யாரையும் பார்க்காமல், தன் பாத்திரத் தாளைப் பார்த்தபடி, "துருசுக் கதவைத் தூக்கிவிட்டா என்ன?" என்றாள். குறளிகள் நிற்பது துருசுக்குக் கீழே, வாய்க்கால் வாயில். குளம் நிரம்ப நிற்கிறது. கதவைத் தூக்கினால் தண்ணீர் அடித்துக்கொண்டு போகும்.

நான் நினைத்தும் பார்க்காத வழி. சக்கரம் துருப்பிடித்து இறுகியிருக்கிறது, பலத்துக்கு இலக்கு 15 என்றேன். அதோடு மேசை திறந்துவிட்டது: கராஜ் இளைஞர் எழுந்து நின்று சக்கரத்துக்கு எங்கே இரும்புக் கம்பி கொடுத்து நெம்ப வேண்டும் என்று கையால் காட்டுகிறார், தம்பி தன் மந்திரம் எத்தனை அடி தூரம் போகும் என்று விதித்தாளில் தேடிச் சரியாகச் சொல்கிறான், அக்கா சேரின் வீரனை இழுத்துக் கரையேற்றி 10 இலக்கில் வைத்தியம் பார்த்து உயிரைத் தக்கவைக்கிறார். கொட்டை 14, கராஜ் இளைஞரின் பலம் 3, மொத்தம் 17. கதவு எழும்பியது.

அதை எப்படி விளங்கிக்கொண்டேன்

அதுவரை நான் நினைத்தது, விதிகள் புதிது, பிடிபட நேரம் எடுக்கும் என்று. சேர் விழுந்த பிறகு நடந்ததைப் பார்த்தால் அந்த விளக்கம் நிற்கவில்லை. ஒரு மணித்தியாலமாக வாய் திறக்காத தம்பிக்கு விதி முழுக்கத் தெரிந்திருந்தது. கூச்சமும் இல்லை, கூச்சம் ஒரு நிமிடத்தில் போகாது. சேர் இருக்கும்போது அவருக்கு முன்னால் முடிவு சொல்வது ஒழுங்கில்லை, அவ்வளவுதான். அவர் கதைக்குள் பேச முடியாத நிலைக்குப் போனதும் அந்தத் தடை தானாக விலகியது, யாரும் யாரையும் மதிக்காமல் விட்டதாகவும் ஆகவில்லை.

எடுத்த முடிவுகள்

முன்னால் இருந்த வழிகள் சில. சேரை வரவேண்டாம் என்று சொல்வது, அது பேச்சுக்கே இடமில்லை, வாசிகசாலைத் திறப்பு அவரிடம், அதைவிட ஆள் நல்ல ஆட்டக்காரர். குழுவை இரண்டாகப் பிரிப்பது, ஆள் காணாது. எல்லாருக்கும் முன்னால் "சேர், கொஞ்சம் மற்றவையையும் பேச விடுங்கோ" என்பது, அவர் பேசச் சொல்லிக்கொண்டுதானே இருந்தார், பழியை அவர்மேல் போட்டதாகத்தான் முடியும்.

அவரைத் தனியே சந்தித்து, பார்த்ததை அப்படியே சொன்னேன். அவருக்கும் அது பட்டிருந்தது. அடுத்தமுறை பேசாமல் இருக்கட்டுமா என்று கேட்டார், பிறகு தானே தலையை ஆட்டி, "நான் வாயைத் திறக்காட்டி பிள்ளையள் சேருக்குக் கோபம் எண்டு நினைப்பினம்" என்றார். உண்மை. மௌனமான சேர், பேசுகிற சேரைவிடப் பாரம்.

வழியைக் காட்டியதும் அவர்தான். அவருடைய அப்பா கூத்தாடியவர், முல்லைத்தீவுப் பக்கத்தில் கோவலன் கூத்து என்றால் ஊரே கூடும். "கூத்தில சின்னப் பெடியன் ராசா வேசம் கட்டினா, வயசு போனவரும் மந்திரி எண்டு கைகட்டித்தானே நிப்பார்? அதை ஆரும் குறை சொல்லுறேல்ல." வேடம் கட்டியவரிடம் வேடத்துக்குரிய மரியாதை என்பது இங்கே எல்லாருக்கும் பழகிய விஷயம், புதிதாகச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. அதை விளையாட்டுக்குள் கொண்டுவந்தால் போதும்.

இப்படி ஒழுங்கு செய்தோம். ஊர் இவர்களுக்கு ஒரு தலைமை கேட்கிறது, அது யார் என்பதைப் பேணி தீர்மானிக்கும். நான் கைகாட்டினால் அதுவும் ஒரு பெரிய ஆளின் சொல்லாகிவிடும். சேரின் வீரன், உயிர் தப்பியதற்கு நேர்த்திக்கடனாக, தலைமையைக் காப்பேன் என்று சத்தியம் செய்தவன், ஆலோசனை கேட்டால் மட்டும் சொல்லுவான். இதை அவரே எழுதிக்கொண்டு வந்தார். அடுத்தது, சண்டையில் மட்டும் இருந்த முறை வரிசையை முழு ஆட்டத்துக்கும் நீட்டினோம்: மட்டை ஒன்றில் உடுப்புக் காயப்போடும் கிளிப்புகள், ஒவ்வொன்றிலும் பாத்திரத்தின் பெயர், யார் கிளிப் மேலே இருக்கிறதோ அவர் முதலில் சொல்ல வேண்டும். பெரிய முடிவு வந்தால் துண்டுத்தாள், எல்லாரும் எழுதித் தருவார்கள், பெயரில்லாமல் நான் வாசிப்பேன், அதன் பிறகு வாதாடலாம்.

பிறகு நடந்தது

தலைமை தங்கச்சிக்கு விழுந்தது, 19. முகம் சிவந்துவிட்டது. சேர் கதிரையில் இருந்து எழுந்து, கைகட்டி, "உத்தரவு தலைவி" என்றார், கூத்துக் குரலில், இழுத்து. எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் மிச்சம் நடந்திருக்குமா என்று சொல்லத் தெரியவில்லை.

அந்த அமர்வில் குறளிகள் திரும்பி வந்து துருசை மறுபடி அடைக்கின்றன. தம்பியும் கராஜ் இளைஞரும் அடித்து விரட்டுவோம் என்கிறார்கள். துண்டுத்தாளில் ஒன்று மட்டும் 'ஏன் வருதுகள் எண்டு கேப்பம்' என்று இருந்தது. தலைவி அதை எடுத்தாள். போய்க் கேட்டால், காட்டுக்குள் அவர்களுடைய மடு வற்றிவிட்டது, தண்ணீருக்கு வந்திருக்கிறார்கள். கடை வாய்க்காலில் ஒரு பங்கு தருகிறோம், துருசை விடுங்கள் என்று பேரம் பேசினாள். இலக்கு 15. கொட்டை 9, அவளுடைய எண் 1, மொத்தம் 10. தோல்வி.

தோல்வி என்றால் சண்டை என்று நான் வைத்திருக்கலாம். விலையைக் கூட்டினேன்: குறளிக் கிழவி பங்கை ஏற்றுக்கொள்கிறாள், ஆனால் அறுவடைவரை உங்களில் ஒரு ஆள் எங்களோடு பிணையாக இருக்க வேண்டும். மேசை முழுக்கச் சேரைப் பார்த்தது, பழக்கதோஷம். அவர் கிளிப் மட்டையைக் காட்டினார், மேலே தம்பியின் பெயர். தம்பி வேண்டாம் என்றான், அக்கா யோசிக்க நேரம் கேட்டார், சேரின் முறை வந்தபோது "தலைவி அனுமதிச்சா நான் இருக்கிறன்" என்றார். அவள் உடனே அனுமதிக்கவில்லை. அவரில்லாமல் ஊரை யார் காப்பது என்று அவரோடு வாதாடினாள், தன் கணக்குச் சேரோடு, ஐந்து மணி தாண்டியும். கடைசியில் பிணையை மாதத்துக்கு ஒருவர் மாறி மாறி இருப்பதென்று முடிவாயிற்று. அதற்குள் வெளியே நிழல் நீண்டுவிட்டது, அவசரமாகத்தான் சைக்கிள் எடுத்தார்கள்.

எல்லாம் நல்லபடி போனது என்று எழுத முடியாது. முறை வரிசை ஆட்டத்தை இழுக்கிறது, ஒரு கதவைத் திறப்பதற்கும் 5 பேரிடம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. கராஜ் இளைஞருக்கு இந்தப் பேச்சுவார்த்தை பிடிக்கவில்லை. அவர் வந்தது சண்டைக்கு, வாரத்தில் ஒரேயொரு லீவு நாள் அவருக்கு, அதில் இரண்டரை மணித்தியாலம் தண்ணீர்ப் பங்கீடு கேட்பதென்றால் கமக்காரர் கூட்டத்துக்கே போகலாமே என்றார். பகிடியாகத்தான் சொன்னார், ஆனால் அதன்பின் வரவில்லை. அவர் போனது குழுவுக்கு நட்டம், துருசுச் சக்கரத்தை அப்படி விளக்க வேறு ஆளில்லை.

மேசைக்கு வெளியே ஒன்றும் மாறவில்லை, மாற வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. இடைவேளையில் தங்கச்சிதான் சேருக்குத் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுப்பாள், அவர் உயர்தரப் பெறுபேறு எப்படி வரும் என்று விசாரிப்பார். பேணியைத் திறந்ததும் அவள் தலைவி. இரண்டும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யவில்லை.

அடுத்த குழுவில் மாற்றுவது

முறை வரிசையை முழு ஆட்டத்துக்கும் வைக்கமாட்டேன், முதல் இரண்டு அமர்வுக்குப் போதும். தம்பியும் அக்காவும் மூன்றாவதில் மட்டையைப் பார்க்காமலே பேசத் தொடங்கிவிட்டார்கள், அப்போதே அதை எடுத்திருக்கலாம். ஒவ்வொரு அமர்விலும் முதல் அரைமணிக்குள் ஒரு சின்னச் சண்டை, குறைந்தது கையால் செய்கிற ஒரு வேலை, பேச்சில் விருப்பமில்லாதவருக்காக. கராஜ் இளைஞரிடம் இதைச் சொல்லியிருக்கிறேன், காலபோக உழவு முடிந்து மெசின் வேலை குறைந்தால் பார்ப்பம் என்கிறார்.

எக்ஸ் அட்டைக்குப் பதிலாகத் துண்டுத்தாளைத் தொடக்கத்தில் மட்டுமல்லாமல் ஒவ்வொரு இடைவேளையிலும் கொடுப்பேன், எழுத ஒன்றுமில்லாதவரும் ஒரு கோடாவது போட்டு மடித்துத் தர வேண்டும், அப்போதுதான் யார் எழுதினார் என்று தெரியாது. கையெழுத்துப் பிரச்சினைக்கு, சாத்தியமான முடிவுகளுக்கு இலக்கம் போட்டு இலக்கத்தை மட்டும் எழுதச் சொல்லலாம்.

இன்னொன்று இன்னும் தீரவில்லை. சேர் இப்போது தானே ஒரு கதை எழுதுகிறார், அடுத்த தடவை கேம் மாஸ்டர் அவர்தான். அந்தக் கதிரையில் அவர் இருந்தால் மயங்கி விழவும் முடியாது, கைகட்டி நிற்கவும் முடியாது, இலக்கு 20 என்று அவர் சொன்னால் பிள்ளைகள் ஏனென்று கேட்கப் போவதில்லை. இலக்கை அவர் சொல்வதற்கு முன் ஆட்டக்காரர்கள் தங்கள் மதிப்பீட்டைத் துண்டில் எழுதிக் கொடுப்பது, இரண்டுக்கும் இடையில் 5க்கு மேல் வித்தியாசம் வந்தால் பேசித் தீர்ப்பது என்று கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.